நாளைக்கு நானாவும் என் பின்புறமும்

வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியே ஒரு கடையை நடத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் முந்தல் ஊர் 'நாளைக்கு நானா' ஒருவர்தான். நானா என்றால் எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன். அவருடையது நாட்டு மருந்துக்கடை. எதைக் கேட்டாலும் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு தடவிவிட்டு, "நாளைக்கு வாங்க. இந்த இடம் சொறியாட்டித் தாறன்" என்பார். அவசரம் என்றால் அதையே இன்னும் மெதுவாகச் சொல்வார்.

மாம்புரி ஊர் மாப்பிள்ளை ஒருவர் கல்யாணத்துக்கு முதல் நாள் முகத்துக்குப் பூச மஞ்சள் களிம்பு கேட்டு வந்தார். நானா கைமடிப்பில் மட்டும் தடவி அனுப்பினார். மாப்பிள்ளை ஏசிக்கொண்டே போனார். மறுநாள் கைமடிப்பு தடித்துச் சிவந்திருந்தது, முகம் தப்பிவிட்டது. கல்யாணப் படத்தில் கையை மறைத்துக்கொண்டு நிற்கிறார். இறால் பண்ணையில் காலைக் கிழித்துக்கொண்டு வந்தவருக்கு அந்தப் பொட்டுக்கூடக் கிடைக்கவில்லை. "திறந்த காயத்துக்கு என்ட கடைல ஒண்டும் இல்ல. கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று த்ரீவீலும் பிடித்துக் கொடுத்தார்.

இனி என் கதை. புனைபெயரில் எழுதுகிறேன் என்ற தைரியத்தில் சொல்கிறேன். எனக்கும் மனைவிக்கும் இடையில் ஒரு விளையாட்டு உண்டு. பெல்ட் அவள் கையில், கேட்டு வாங்குபவன் நான். போதும் என்றால் அந்தக் கணமே நின்றுவிடும். ஒரு சனிக்கிழமை கொஞ்சம் பலமாகிப் போனது. நான் பெரிய புத்திசாலி, அடிபட்ட இடத்தின் மேல் எரிகிற தைலத்தைத் தேய்த்துவிட்டேன். திங்கட்கிழமை கந்தோரில் கதிரையில் உட்காரவே முடியவில்லை, நின்றுகொண்டே வேலை பார்த்தேன்.

நானா கடைக்கு எதிர்வீடு மனைவியின் அம்மா, என் மாமியுடையது. மனைவியோ மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள். கதை வெளியே போனால் அந்த வகுப்பு அவள் கையை விட்டுப் போய்விடும், அது போனால் தாங்கமாட்டாள். ஆகவே வழியெல்லாம் ஒரு பொய்யை மனப்பாடம் செய்துகொண்டு போனோம்.

"தென்னையால விழுந்திட்டன் நானா."

திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தார். "தென்னையால விழுந்தவனுக்கு வார் வாராத் தடிக்காது தம்பி" என்றார். பிறகு மனைவியை வெளியே நிற்கச் சொன்னார்.

"வீட்டுல பயமா இரிக்கா?"

"இல்ல நானா."

"வேணாமெண்டா நிப்பாட்டுவாவா?"

"உடனே. நான் கேட்டுத்தான் நானா."

அடுத்து என்னை வெளியே அனுப்பி அவளிடமும் தனியாகக் கேட்டார். திரும்பக் கூப்பிட்டபோது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இருமல் மருந்துக்கு வந்தவர்களைப் பார்ப்பது போலவே எங்களைப் பார்த்தார்.

"தோல் கிழியல்ல, நல்லம். தைலம், சூட்டு ஒத்தடம் ரெண்டும் வேணாம். இனி இப்பிடி ஆனா அண்டைக்கே ஈரத்துணியால குளிர ஒத்துங்க. கத்தாழையெண்டா மஞ்சப் பால் வடியவிட்டுக் கழுவி, உள் சதைய மட்டும் பூசுங்க. எரிஞ்சா கழுவிருங்க. வீக்கம் கல்லு மாதிரி ஆகினா, மரத்துப் போனா, டாக்டரிட்ட போங்க." மனைவி பக்கம் திரும்பினார். "புள்ள, முதுகுக்குக் கை போகக்கூடாது. அங்க கிட்னி இரிக்கு."

என் கைமடிப்பில் ஒரு பொட்டு கற்றாழை தடவினார். "நாளைக்கு வாங்க."

"அதுவரைக்கும் எப்பிடி நானா இருக்கிறது?"

"நில்லுங்க."

மறுநாள் போனால் கடையில் மாமி நிற்கிறார். "நேத்தும் இவங்க வந்தவங்களாம். என்ன நானா மருமகனுக்கு வருத்தம்?" என்று நேராகவே கேட்டுவிட்டார். மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நானா வாயில் பொய் வராது என்பது ஊருக்கே தெரியும்.

அவர் என் கைமடிப்பைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு இல்லை. பிறகு நிதானமாக மாமியிடம் கேட்டார். "போன மாசம் நீங்க என்னத்துக்கு வந்தீங்கண்டு மருமகன் கேட்டா, நான் சொல்லட்டா?"

மாமி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானா கற்றாழை மடலைத் தாளில் சுற்றி நீட்டினார். வாங்கும்போது மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வகுப்புக்குப் போனாள்.

எங்களை முழுதாக அறிந்த ஒரே மனிதர் அவர். அவரைப்போல எங்களுக்கு வேண்டியவர் இன்னொருவர் இல்லை.