அறுபத்தோராம் பக்கத்தில் மணியடித்தவர்

3.3.1974 – ‘நாலு பேரும் நந்தியாறும்’ நாவல் வெளியானது. 96 பக்கம்.
19.5.1980 – ரூபஸ், பெர்சிஸ் திருமணம்.
31.12.2023 வரை – ரூபஸ் என்னிடம் அந்த நாவலைச் சொன்னது 212 தடவை. தடவைக்குச் சராசரி 40 நிமிடம். ஆக 141 மணி 20 நிமிடம்.
நாவலில் ரூபஸ் வருவதாகச் சொல்லும் வரி – 1. பெயர் இல்லை.

வாசகரே, ‘மணியடித்தவர்’ என்றோர் இனம் உண்டு. எந்தப் பெரிய காரியம் நடந்தாலும் அதன் ஓரத்தில் நின்றிருப்பார். நின்றது வரை உண்மை. சொல்லச் சொல்ல ஓரம் மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்துவிடும். கல்யாணச் சாம்பார் பிரமாதம் என்று சொல்லிப் பாருங்கள். சமையற்காரருக்குப் புளி கிடைக்கும் கடையைக் காட்டியவர் இவர்தான். அரக்கோணத்தில் ரயில் தாமதமா? கார்டு கொட்டாவி விட்டதை முதலில் பார்த்தவரும் இவரே.

எங்கள் திருத்தணியில் இந்த இனம் செழித்ததற்குக் காரணம் அந்த நாவல். இவ்வூரில் படித்த ஒருவர், தம் பள்ளிப் பருவத்தில் நடந்ததை வைத்து எழுதியது. நான்கு பையன்கள் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நகைத் திருடர்களைத் தொடர்ந்து, நந்தியாற்று மணலில் உருண்டு, முள்ளில் கிழிந்து, கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வளைத்துப் பிடிக்கிறார்கள். அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு வரி: ‘அப்போது ஒரு பையன் பள்ளிக்கூட மணியை அடித்தான், திருடர்கள் திடுக்கிட்டார்கள்.’ அவ்வளவுதான். அந்தப் பையன் பிறகு வருவதே இல்லை.

ரூபஸ் சொல்லும் நாவலில் அவன் போவதே இல்லை.

“அவனுங்க நாலு பேரும் முள்ளுல மாட்டிக்கினு கத்திகினு இருந்தானுங்க. நான் மணி அடிக்கலன்னா திருடன் ரேணிகுண்டா போயி இட்லி துன்னுகினு இருப்பான்.”

பெண் பார்க்கப் போன இடத்திலேயே இதைச் சொன்னார். அன்று பெர்சிஸ் கேட்ட கேள்வியை நாற்பத்து நான்கு வருடமாக மாற்றவில்லை: “ஆங். புக்குல உங்க பேரு எங்க?”

ஒரே ஒரு முறை அந்தப் பெயரை அச்சில் காட்டி அவள் வாயை அடைத்துவிட வேண்டும். ரூபஸுக்கு வேறு ஆசையே கிடையாது. ஆனால் மணியடித்த அந்தப் பையன் தானே என்று சொல்பவர்கள் ஊரில் ரூபஸோடு சேர்த்து மொத்தம் ஏழு பேர். முக்கியமானவர் ரயில்வேயில் ஓய்வுபெற்ற சுப்பிரமணி.

“யோவ், அன்னிக்கி உனுக்கு மஞ்ச காமால. மணி அடிச்சது நானு.”

“உனுக்குக் கயிறு எட்டுமாய்யா அப்போ?”

“முக்காலி மேல ஏறினேன்.”

“முக்காலிய போட்டது யாரு?”

ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு வருகிறது என்ற செய்தி வந்ததும் ரூபஸ் பேனாவை எடுத்தார். மணியடித்த பையன் பார்வையில் முழு நாவலையும் திரும்ப எழுதினார். 140 பக்கம். முதல் அத்தியாயம் கயிறு, இரண்டாவது கை, மூன்றாவது அந்தக் கை காலையில் என்ன சாப்பிட்டது. அசல் கதாநாயகர்கள் நால்வரும் 118ஆம் பக்கத்தில் தண்ணீர் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். தம் பெயரைச் சேர்க்கும்படி ஒரு கடிதம் வைத்து, 12.1.2024 அன்று ஆசிரியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மற்ற ஆறு பேரும் சும்மா இருப்பார்களா? அவர்களும் எழுதினார்கள்.

வாசகர் சங்கச் செயலாளன் என்பதால் பதில் என் முகவரிக்கு 8.2.2024 அன்று வந்தது. ரூபஸ் வீட்டுக் கூடத்தில் ஏழு பேரையும் உட்காரவைத்துப் படித்தேன்.

‘ஏழு பேர் எழுதியிருக்கிறீர்கள். யார் மனதையும் நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே புதிய பதிப்பில் அந்த வரியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: அப்போது சன்னல் வழியே பலத்த காற்று வீசி, பள்ளிக்கூட மணி அடித்தது.’

ஏழு பேரும் ஒரே நொடியில் நாவலிலிருந்து வெளியேறினார்கள். ரூபஸ் என்னிடமிருந்து கடிதத்தை வாங்கிப் பின்பக்கம் பார்த்தார். அங்கும் ஒன்றுமில்லை. எழுபத்திரண்டு வயது மனிதர் அதை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார்.

சமையலறை வாசலில் நின்றிருந்த பெர்சிஸ் கணவரின் முகத்தையே பார்த்தாள். இந்த முறை அவள் கேள்வி வேறு.

“ஏங்க, அந்தச் சன்னல யாரு தொறந்து வச்சது?”

ரூபஸ் நிமிர்ந்தார். முதுகு நேரானது. கண்ணில் வெளிச்சம் வந்தது.

“யாரா? நான்தாண்டி! புழுக்கமா கீதுன்னு காலையிலயே போயி...”

“கொக்கிய எடுத்தது நானு!” என்று சுப்பிரமணி எழுந்தார்.

அன்று கூட்டம் கலைய 2 மணி 25 நிமிடம் ஆனது. பிறகு எனக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. சன்னலுக்கு எண்ணெய் போட்டவர், சட்டம் இழைத்த தச்சரின் மருமகன், காற்றைத் தடுத்திருக்கக்கூடிய வேப்பமரத்தை முந்தின வாரமே வெட்டியதாக மணவூரிலிருந்து ஒருவர். எல்லாவற்றையும் எண் போட்டுப் பதிந்திருக்கிறேன்.

வாசகரே, சிரித்துவிட்டீர்கள், சரி. ஆனால் இதைப் படித்தபோது, ‘அந்த வருடம் நானும் திருத்தணிக்குப் போயிருந்தேனே’ என்று உங்களுக்குள் ஏதோ அசைந்ததா? பேனாவைத் தேடாதீர்கள். பதிவேட்டை மூடிவிட்டேன். கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள் 27.6.2024.