ஸ்டார்ட் மட்டும் பண்ணச் சொன்ன கார்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். உங்கள் காரும் நலம்தான், ஆனால் இங்கே இல்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. பதறாமல் மேலே படிக்கவும்.

மாற்றலாகிப் போகும்போது, "மாப்ளே, பேட்டரி செத்துடும், வாரம் ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணிடுங்க" என்று சாவியைக் கொடுத்தீர்கள். நானும் சொன்னபடியே செய்துவந்தேன். உங்கள் தங்கைதான், "ஒரே இடத்துல நின்னா டயர் என்னத்துக்கு ஆகும்? காய்கறிக் கடை வரைக்கும் உருட்டிட்டு வருவோம்" என்றாள். உங்கள் டயர் மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை. நான் ஓட்டினேன். கடைத் திருப்பத்தில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டினார். நானா பயப்படுகிறவன்? லைசென்ஸை எடுத்து நீட்டினேன். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது காலாவதியாகி ரெண்டு வருஷமாச்சு" என்றார். "லைசென்ஸ்தானேப்பா காலாவதியாச்சு, எனக்கு ஓட்டத் தெரியறது ஆகலையே" என்றேன். எடுபடவில்லை. "வண்டி யாருது?" என்று கேட்டார். உங்கள் பேரைச் சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைத்து, "எங்க மச்சானோடது, அவரே சாவியைக் கையில குடுத்தார்" என்றேன். உங்கள் தங்கை விலாவில் இடித்தாள். இன்னும் கொஞ்சம் சொல்லச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டு, "எங்க வேணா ஓட்டிக்கோன்னார்" என்று சேர்த்துவிட்டேன். உடனே எழுதிக்கொண்டார். லைசென்ஸ் இல்லாதவன் கையில் வண்டியைக் கொடுத்தால் கொடுத்தவர் மேலும் வழக்காம், ஜெயில்கூட உண்டாம். இதை அந்த மனுஷன் முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா மச்சான்?

கேஸில் உங்கள் பேர் அடிபட்டால் உங்கள் வேலை என்னாகும்? ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கேட்காமல் எடுத்தது நான்தான், மச்சானுக்கு ஒன்றும் தெரியாது என்று கோர்ட்டில் சொல்லப் போகிறேன். என்ன தண்டனை என்றாலும் நான் ஒருவனே அனுபவிக்கிறேன். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசிகளையும் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத
மாப்பிள்ளை

பின்குறிப்பு: எழுதியதை உங்கள் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். "அண்ணன்கிட்டயுமா பொய்?" என்று பேனாவைப் பிடுங்க வந்துவிட்டாள். உண்மையில் ஓட்டிக்கொண்டிருந்தது அவள். லைசென்ஸே எடுத்ததில்லை, ஆனால் என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். என்னுடையது செல்லும் என்று நம்பி, போலீஸ்காரர் கிட்டே வருவதற்குள் இடம் மாறிக்கொண்டேன். அவளை மாட்டிவிட எனக்கு மனசு வரவில்லை மச்சான். அவளோ, "ஓட்டினது நான், நீங்க ஏன் உள்ள போகணும்? கோர்ட்ல நானே சொல்லிடறேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எனவே நீங்கள் இப்போதைக்குத் தூங்க வேண்டாம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே வக்கீலாகப் பார்த்து வையுங்கள்.