சமன் நிறைய இருக்கு

தெரியாத நம்பரிலிருந்து வந்த மெசேஜைத் தயாளன் மூன்றாவது தடவையாகப் படித்தான். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்.

"நாளைக்குக் காலைல வர்றேன். ஆறு ரூமையும் பார்க்கணும். சமன் நிறைய இருக்கு. ஆள் ரெடியா இருக்கணும்."

"போச்சு லெட்சுமி! கவுன்சில் ஆபீசர் வராரு. சமன் நிறைய இருக்காம்!"

மலாய் மொழியில் சமன் என்றால் அபராதச் சீட்டு. பினாங்கில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற எவனும் அந்தச் சொல்லைக் கேட்டாலே பர்ஸைத் தொட்டுப் பார்ப்பான். தயாளன் பாலிக் புலாவ் பக்கம், படகுத்துறை ஓரமாக, கெஸ்ட் ஹவுஸ் திறந்து மூன்று மாதம். லைசென்ஸுக்குக் கவுன்சிலில் மனுப் போட்டதோடு சரி, பதிலே இல்லை. அதற்குள் அவசரக்குடுக்கை ஆளுயரத்துக்குப் போர்டு மாட்டிவிட்டான். இதுவரை வந்த விருந்தாளி பூஜ்யம்.

"தைப்பூசத்துக்குள்ள ஒருத்தராச்சும் வரலன்னா, பேசாம பத்து காவான் ஊர்ல இருக்கிற பழைய ஃபேக்டரி வேலைக்கே திரும்பிப் போயிருங்க" என்று லெட்சுமி கெடு வைத்திருந்தாள். அதற்கு இன்னும் நாலே நாள்.

அன்று மாலையே போர்டு கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய்விட்டது.

"யாரு கேட்டாலும் இது நம்ம வீடு, தெரியுதா?"

"ரெண்டு பேரு ஆறு கட்டில்லயா படுக்கிறோம்? எவன் நம்புவான்?"

நியாயமான கேள்வி. எல்லாக் கட்டிலிலும் பழைய துணியைக் குவித்தான். அப்படியும் ஆள் குறைந்தது.

காலையில் வாசலில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து எதையோ தேடினார்.

"தம்பி, இங்க ஒரு போர்டு..."

"போர்டெல்லாம் கிடையாதுண்ணே! ஒரு உதவி. சமன் போட ஆளு வராரு. ஒரு மணி நேரம் எனக்கு அண்ணனா இருங்க. விரதச் சாப்பாடுதான், ஆனா வடை இருக்கு!"

அவர் தயாளனை ஏற இறங்கப் பார்த்தார். வடை வாசனை வந்தது.

"சரி லா. என் பேரு குணாளன்."

"பெரியண்ணே, உள்ள வாங்க!"

சற்று நேரத்தில் ஒரு வேன் வந்தது. தொந்தியும் தொப்பியுமாக ஒருவர் இறங்கினார்.

"நான் புவனேஸ்வரன். மெசேஜ் போட்டேனே. கெஸ்ட் ஹவுஸ் இதுதானே?"

"கெஸ்ட் ஹவுஸா? இது வீடு சார்! நான், பொண்டாட்டி, பெரியண்ணன்."

"கூட்டுக்குடும்பம்" என்றார் குணாளன், வாயில் வடையோடு. "ஆறு ரூம் எங்களுக்கே பத்தல."

புவனேஸ்வரனின் முகம் தொங்கிப்போனது. வேன் பக்கம் திரும்பினார்.

"டிரைவர், சாமானை இறக்காதீங்க. பூசம் முடியிற வரைக்கும் பன்னிரண்டு பேருக்கு வேற இடம் தேடணும்."

ஆங்கில எழுத்து விழுங்கியிருந்த அந்த நெடில் தயாளனின் தலையில் இடியாக விழுந்தது.

"சாமானா? சமன் இல்லியா?"

"சமனா? அப்படின்னா? மதுரைல கேள்விப்பட்டதே இல்லியே."

தயாளன் ஓடிப்போய் வேனுக்கு முன்னால் கையை விரித்து நின்றான்.

"கெஸ்ட் ஹவுஸ்தான் சார்! ஆறு ரூமும் உங்களுக்குத்தான்!"

"இப்பத்தானே கூட்டுக்குடும்பம்னீங்க?"

லெட்சுமி முந்திக்கொண்டாள். "குடும்பம் மாதிரி பார்த்துக்குவோம்னு சொல்ல வந்தாருங்க. வாங்க, வடை ஆறுது!"

பன்னிரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். தலையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பெட்டி, தயாளனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"ஃபேக்டரியாம் ஃபேக்டரி! ஹவுஸ்ஃபுல் லா, லெட்சுமி!"

"சரி சாமி, நீங்கதான் ஜெயிச்சீங்க. போய் முதல்ல அந்தத் துணியெல்லாம் எடுங்க."

பெரியண்ணன் நிதானமாகக் கை கழுவினார். மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து, கவுன்சில் முத்திரை போட்ட நீளக் கவர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"லைசென்ஸ் கிடைச்சாச்சு தம்பி, அதைக் கொடுக்கத்தான் வந்தேன். ஓடிப் போய் போர்டை மாட்டுங்க, இல்லாட்டித்தான் சமன்!"