விதைத்த நிலத்தில் ராக்கெட்

கடம்பூர் வழி,
புரட்டாசி, 2006.

மதிப்புக்குரிய முத்துசெல்வம் அண்ணனுக்கு, சித்தப்பா மகள் கற்பகம் பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நிலத்தைத் தவிர.

அன்று உன் சாரோடும் கூடப் படிக்கும் பையன்களோடும் ராக்கெட் விட வந்து ஜீப்பிலிருந்து இறங்கியபோது நீ பூட்சைக் கழற்றவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். விதைத்த நிலத்தில் நம் வீட்டில் யாரும் செருப்போடு கால் வைப்பதில்லை. அதற்காகப் பெரியப்பாவிடம் நீயே அடி வாங்கியிருக்கிறாய். மழைக்கு முன்னால் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பதுதான் நம் பிழைப்பு என்பது ஹாஸ்டல் சாப்பாட்டில் மறந்துபோயிருக்கும். இது யார் நிலம் என்று சார் கேட்டதும், "எங்க சித்தப்பா நெலந்தான் சார். சும்மாதான் கெடக்கு" என்றாய். அப்பா ஊரில் இல்லை. நான் வரப்பில் நின்று, "அண்ணே, பருத்தி போட்டிருக்கு" என்றேன். அத்தனை பையன்கள் முன்னால் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. நான் ராக்கெட் பார்க்க வந்ததாக நினைத்து உன் சார், அதன் தலையில் வைக்கும் டப்பாவைக் காட்டி, "மேல போகப் போக எவ்வளவு குளிருதுன்னு இந்த டப்பா குறிச்சுக்கிட்டே வரும்மா. கையால செஞ்சு பாத்தாதான் படிப்பு ஏறும்" என்றார். எனக்குப் புரிந்தது. கால் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும் அந்தப் படிப்பில் உண்டா என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.

ராக்கெட் பனை உயரம் தாண்டிப் போனது. டப்பா குடை விரித்துக் காற்றோடு போனது. நீங்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டே நிலத்தில் ஓடினீர்கள், பின்னாலேயே ஜீப்பும். டயர் கிளறிய இடமெல்லாம் விதை மேலே வந்து, மறுநாளிலிருந்து மயில்களுக்கு விருந்து. மறுபடி விதைக்க வீட்டில் விதை இல்லை. பருத்தி வந்தால் என்னைப் பிரைவேட்டாகப் பத்தாம் வகுப்பு எழுத வைப்பதாக அப்பா சொல்லியிருந்தார். இப்போது என்னை வேலைக்கு அனுப்ப, தீப்பெட்டி ஆபீஸ் வேன் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிக்கிறார்.

இந்த லட்சணத்தில் டப்பாவைத் தேடித் தரச் சொல்லி எழுதியிருக்கிறாய். அது இல்லாவிட்டால் மார்க் இல்லையாம். அப்பா இன்னும் உன் பக்கம்தான். "விடுட்டி, படிக்கிற பய. வாத்தியாருக்குத் தெரிஞ்சா மார்க்குல கை வச்சிருவாரு. வாயத் தொறக்காத" என்கிறார். நான் எப்போது திறந்தேன்? டப்பாவை நாங்கள் பார்க்கவில்லை. முளைக்கும்வரை நிலத்தில் இறங்கித் தேடவும் மாட்டோம். குடும்பத்தில் ஒருவராவது படித்து முடிக்கட்டும். நீ நன்றாக இரு.

இப்படிக்கு,
தங்கை கற்பகம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் சார் தானே பஸ் ஏறி வந்துவிட்டார். டப்பா ஓடைக்கரை உடைமரத்தில் தொங்கியது. பார்க்கவில்லை என்று மேலே எழுதியது பொய். நேற்றே எடுத்து வைத்திருந்தேன், கொடுத்துவிட்டேன். டயர் தடத்தில் மயில்கள் பொறுக்குவதைப் பார்த்தவர் முகம் மாறி, "விதைச்சிருந்ததா? சும்மா கெடக்குன்னு எங்கிட்ட சொன்னது எந்தப் பையன்மா?" என்றார். அப்பா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் உன் பெயரைச் சொன்னேன், இனிஷியலோடு.