ஆதிப்புள்ளி ஆசாமி

மனித இனத்தில் ஆதிப்புள்ளி ஆசாமி என்று ஓர் உட்பிரிவு உண்டு. கணக்குப் பாடத்து வரைபடத்தில் குறுக்குக்கோடும் நெடுக்குக்கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் ஆதிப்புள்ளி. மற்ற புள்ளிகளையெல்லாம் அங்கிருந்துதான் அளக்க வேண்டும். இந்த ஆசாமியும் அப்படியே. சின்னசேலம் ஸ்டேஷன் எங்கே என்று கேட்டால், "நம்ம வூட்டுக்கு மேற்கால" என்பார். கல்வராயன் மலையில் மேகம் திரண்டால், "நம்ம கொல்லைக்குத்தான் வருது" என்பார். பஸ்ஸில் எல்லாரையும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று விரட்டிவிட்டு, தாம் மட்டும் படியிலேயே கம்பியைக் கட்டிக்கொண்டு நிற்பவர் யார்? அவரேதான்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒன்றைக் கண்டேன். பெயர் தனசேகரன், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். அன்று தற்காலிகக் கணக்கு டீச்சர் கிரேஸ், வடிவங்களின் இடப்பெயர்வைப் பெற்றோரையே நிறுத்திக் காட்ட ஏற்பாடு செய்திருந்தார். கல்வி அதிகாரி பார்க்க வந்திருந்தார். அவர் தலையசைத்தால் கிரேசுக்கு அடுத்த வருஷமும் வேலை; இல்லாவிட்டால் வீடு.

மைதானம் முழுக்கச் சுண்ணாம்புத்தூள் கட்டங்கள். நான்கு முனைகளில் நான்கு பெற்றோர். சுற்றிலும் எலாஸ்டிக் நாடா. ஒரு முனை தலைவருக்கு, மரியாதை கருதி. ஒத்திகைக்கு வராதவர் அவர் ஒருவர்தான். அந்த முனையில் புங்கமர நிழல் விழுந்திருந்தது. விதி!

"வலப்பக்கம் நாலு கட்டம், மேல ரெண்டு கட்டம் போங்க. நாலு முனையும் ஒரே மாதிரி நகர்ந்தாதான் வடிவம் மாறாது, இடம் மட்டும் மாறும்" என்றார் கிரேஸ்.

மூன்று பேர் போனார்கள். தலைவர் போகவில்லை. சதுரம், பின்னங்காலைப் பிடித்திழுத்த ஆடுபோல் நீண்டது.

"தலைவரே, நீங்களும் வாங்க. நாடா கைய அறுக்குது" என்றார் எதிர்முனை ஜெயம்மாள்.

"நான் எதுக்கும்மா வரணும்? நான் கரெக்டா நின்னுக்கினு கீறேன். நீங்க மூணு பேருந்தான் எங்கியோ போய்க்கினு கீறீங்க."

"அங்க நெழலு ஜாஸ்தியோ?"

"தலைவன்னா ஒரு எடத்துல நிக்கணும்மா!"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். கிரேஸ் மூவரையும் பழைய இடத்துக்குத் திரும்பச் சொல்லிவிட்டு, சுண்ணாம்பு வாளியோடு நேரே தலைவரிடம் போய், அவர் காலடியில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"சார், நீங்கதான் ஆதிப்புள்ளி. நீங்க அசையவே கூடாதுங்க. மத்தவங்கள எல்லாம் உங்கள வெச்சிதான் அளக்கணும்."

தலைவரின் நெஞ்சு ஒரு கட்டம் முன்னால் வந்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றபடி நாடாவை விட்டார்.

அதை, ஓரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு தாய் செவ்வந்தி பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டத்தில் நின்றார். மற்றவர்களும் அதற்கேற்ப ஒதுங்கிச் சதுரமானார்கள். வலம் நாலு, மேலே ரெண்டு. நான்கு முனைகளும் கிளம்பின; சதுரம் சதுரமாகவே போய்ச் சேர்ந்தது.

அதிகாரி தலையசைத்தார். போகிற போக்கில், "ஆதிப்புள்ளியோட மதிப்பு இன்னா?" என்று கேட்டார்.

"பூஜ்ஜியம் சார்" என்றார் ஜெயம்மாள். "எந்தப் பக்கமா அளந்தாலும் பூஜ்ஜியந்தான்."

முதலில் கைதட்டியவர் தலைவர்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எதிர்வீட்டுக்காரர், மைத்துனர், மேலதிகாரி என்று வரிசையாக ஞாபகம் வந்திருக்கும். உங்களிடமிருந்து யார் யார் எவ்வளவு விலகிப் போய்விட்டார்கள் என்றுகூட அளந்து முடித்திருப்பீர்கள். நல்லது. அப்படியே அசையாமல் நில்லுங்கள். கிரேஸ் டீச்சர் வாளியோடு வந்துகொண்டிருக்கிறார்.