ஐந்தில் ஒருவன், ஒன்பதில் ஒருவன்

விளையாட்டைப் பார்த்துக் குதிப்பவர்கள் உண்டு. பார்த்து அழுபவர்களும் உண்டு. இரண்டிலும் சேராமல், பார்த்து எடை போடுபவர் என்று மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. தன் ஊர் அணி ஜெயித்து, தெருவெல்லாம் கார் ஹாரன் அலறி, முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஆடும்போது, இந்த இனத்தைச் சேர்ந்தவர் மட்டும் பீர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சரி, இதுல அந்த ஒருத்தனோட பங்கு எவ்வளவு?" என்று கேட்பார்.

அவ்வளவுதான். கொண்டாட்டம் முடிந்தது.

அமெரிக்காவில், மில்வாக்கி நகரத்தில் எங்கள் பஸ் பணிமனையில் இவருக்கு ரே நோவிக்கி என்று பெயர். பிரேக் பிரிவு மேஸ்திரி, வயது ஐம்பத்து மூன்று, பணிமனைக் கூடைப்பந்து அணியின் மேலாளர். இவரை அடையாளம் காண்பது சுலபம். வெள்ளிக்கிழமை மாலை லோரெயின் கடையில் வறுத்த மீன் சாப்பிட உட்கார்ந்திருப்பீர்கள். யாரோ உங்கள் தட்டிலிருந்து உருளைக்கிழங்கு வறுவலை எடுத்து மேஜைமேல் வரிசையாக அடுக்குவார். ஏன், தன் தட்டிலிருந்து எடுக்கக் கூடாதா? அது எப்போதோ காலி.

"இங்க பாரு. கூடைப்பந்துல எத்தனை பேரு? அஞ்சு. சூரன் ஒருத்தன் இருந்தா எவ்வளவு நேரம் ஆடுவான்? கிட்டத்தட்ட முழு ஆட்டமும். பந்து யாரு கையில? அவன் கையில. அந்தப் பக்கம் ஓடிப்போய்த் தடுக்கறது? அதுவும் அவன்தான். ஒரே ஆளு வந்தா அணியே தலைகீழா மாறிடும். பேஸ்பால்ல? ஒம்பது பேரு. எவ்வளவு பெரிய கொம்பனா இருந்தாலும் தன் முறை வந்தாத்தான் மட்டையத் தொடலாம். ஆட்டத்துக்கு நாலஞ்சு தடவை. மிச்ச நேரம்? புல்லுல நின்னு சூயிங்கம் மெல்லணும்."

எதிரே உட்கார்ந்திருப்பவர் ஓட்டிஸ் கெய்ன்ஸ். பஸ் ஓட்டுநர், பணிமனைப் பேஸ்பால் அணித் தலைவர். இருவருக்கும் இருபத்திரண்டு வருட நட்பு. இத்தனை வருடத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒருமுறைகூட ஒப்புக்கொண்டதில்லை.

"பந்து எறியறவன விட்டுட்டியே? அவன் ஒருத்தன் மனசு வெச்சா எதிரணி மொத்தத்தையும் சுருட்டிருவான்டா."

"சுருட்டுவான். அப்புறம் நாலு நாள் தோளுக்கு ஐஸ் வெச்சிட்டு உக்காந்திருப்பான். அந்த நாலு நாளும் யாரு ஜெயிச்சுக் குடுப்பா, உங்க அத்தையா?"

"எங்க அத்தைய இழுக்காத. அவங்க உன்னைவிட நல்லா எறிவாங்க."

இதில் கொடுமை என்னவென்றால், நோவிக்கி சொல்வது சரி. தப்பாகப் பேசுகிறவரை மறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். சரியாகப் பேசுகிறவரிடம் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அவர் நிறுத்தவே மாட்டார். பல் டாக்டரிடம் போனால் அது கூடைப்பந்து, ஒரே ஆளின் கையில் எல்லாம். தேவாலயப் பாட்டுக்குழு பேஸ்பால், ஒருவர் அபஸ்வரமாகப் பாடினாலும் ஒப்பேறிவிடும். வீட்டில் இப்படிப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி டோரீன் கேட்டாளாம்: "பாத்திரம் கழுவறது என்ன ஆட்டம் ரே? அதுல எப்பவும் ஒரே ஆளுதான் ஆடுது." அவர் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு நவம்பர் மாதம் டெரல் ஹின்டன் கிடைத்தான்.

புதிதாக எஞ்சின் பிரிவில் சேர்ந்த பையன். இருபத்தாறு வயது, ஆறடி ஆறு அங்குலம், கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியவன். முதல் நாள் கருவி அறைக் கதவில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். நோவிக்கி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் மகள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

நகராட்சி ஊழியர் கூடைப்பந்துப் போட்டியில் எங்கள் பணிமனை பதினொரு வருடமாக எதையும் ஜெயித்ததில்லை. நான் அந்த அணியில் ஒருவன், ஆகையால் காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். ஹின்டன் வந்ததும் மேலாளர் எங்கள் நால்வரையும் கூப்பிட்டு வியூகத்தை விளக்கினார்.

"பந்து கையில வந்தா அவன்கிட்ட குடுங்க."

"குடுத்துட்டு?"

"தள்ளி நில்லுங்க."

நின்றோம். தீயணைப்புத் துறையை அவன் தனியாகத் தோற்கடித்தான். கழிவுநீர்த் துறையைத் தோற்கடித்தான். சென்ற வருடம் எங்களைக் கதற வைத்த பூங்காத் துறைக்கு எதிராக நாற்பத்தேழு புள்ளி எடுத்தான். நாங்கள் நால்வரும் சேர்ந்து ஒன்பது. மார்ச்சில் கோப்பை வந்தது. போட்டோவில் ஹின்டன் நடுவில் கோப்பையோடு நிற்கிறான், நாங்கள் பழக்கதோஷத்தில் தள்ளி நிற்கிறோம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் நோவிக்கி அந்தப் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் நீட்டி, "ஒரே ஆளு!" என்பார்.

ஜூனில் வந்தது வினை. பேஸ்பால் பயிற்சிக்கு ஹின்டன் கையுறையோடு வந்து நின்றான். நோவிக்கி பணிமனையிலிருந்து ஓடி வந்தார். அந்த உடம்பு ஓடும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

"ஓட்டிஸ்! அவனை விடு! விரல் ஒடிஞ்சா என் அணி என்ன ஆகும்?"

"உன் அணியா? அவனோட விரல்டா அது."

"தம்பி, நான் சொல்றதக் கேளு. இதுல நீ ஒம்பதுல ஒருத்தன். நீ ஆடினாலும் ஆடாட்டியும் ஒண்ணும் மாறாது!"

ஹின்டன் கையுறைக்குள் கையை விட்டுக்கொண்டே, "அப்படியா? அப்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குள் போனான்.

உள்ளபடி சொல்வதானால் அவன் பேஸ்பால் ஆடிய லட்சணம் கண்றாவி. நான் அந்த அணியிலும் உண்டு, கண்ணால் பார்த்தேன். மட்டையை வீசினால் காற்றுதான் வரும். பந்தே வராது என்று வலது மூலையில் நிறுத்தினால், எப்போதாவது வரும் ஒரே பந்தையும் தலைக்கு மேல் போகவிடுவான். "ஆறடி ஆறு அங்குலத்துக்கும் மேலேயா போச்சு? ஏணி கொண்டாரச் சொல்லவா?" என்று ஓட்டிஸ் கத்துவார். அன்றிலிருந்து அவனுக்கு ஏணி என்றே பெயர். அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் பல்லை நாங்கள் பார்த்ததே இல்லை. ஆட்டம் முடிந்ததும் சாசேஜ் சுட்டோம், பீர் குடித்தோம், தோல்விக்கு யார் காரணம் என்று இருட்டும்வரை சண்டை போட்டோம். அவன்தான் காரணம் என்று பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தால் எழுந்து நின்று தலைவணங்குவான். பத்து அணிகளில் எங்களுக்கு ஒன்பதாவது இடம்.

அக்டோபரில் கூடைப்பந்துக்குப் பெயர் பதிவு. நோவிக்கி எங்களையும் அழைத்துக்கொண்டு எஞ்சின் பிரிவுக்குப் போனார். ஹின்டன் பஸ்ஸுக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"இந்த வருஷம் நான் வரலை, ரே."

"என்னப்பா, முழங்காலா?"

"அதெல்லாம் இல்லை."

"பின்ன? நாங்க உனக்கு என்ன குறை வெச்சோம்? பந்தை எல்லாம் உனக்குத்தானே குடுத்தோம்?"

"குடுத்தீங்க. யாராவது ஒரு வார்த்தை பேசினீங்களா?" அவன் குரலை உயர்த்தவில்லை. "கோப்பை வாங்கினமே, அன்னிக்கு எல்லாரும் லோரெயின் கடைக்குப் போனீங்க. என்னை யாரும் கூப்பிடலை. நான் கார்லயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன்."

அவன் சொன்னது உண்மை. அவ்வளவு பெரிய ஆட்டக்காரன், அவனுக்குப் போக வேறு பெரிய இடம் இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஒவ்வொருவரும் தனித்தனியாக அப்படி நினைத்தோம். யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

நோவிக்கி தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். "இந்த வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட வர்றியா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து எண்ணிக்கை ஏதும் இல்லாமல் வந்த கேள்வி அது ஒன்றுதான் என்று ஓட்டிஸ் இன்றும் சத்தியம் செய்வார்.

"வரேன். ஆனா கூடைப்பந்து ஆட மாட்டேன்."

"ஆட வேண்டாம். சாப்பிட வா."

வந்தான். வாராவாரம் வந்தான். மனிதர் இத்தோடு திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

ஐந்தாவது ஆளுக்கு வேறு வழியில்லாமல் மேலாளரே அரைக்கால் சட்டை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். முதல் ஆட்டம் நகர நூலகத் துறையோடு. மூக்குக்கண்ணாடியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஆடுகிற ஐந்து சாதுக்கள். ஹின்டனும் ஓட்டிஸும் பார்வையாளர் வரிசையில் சோளப்பொரி தின்றுகொண்டு, "ரே, உருண்டையா ஒண்ணு போகுது பாருங்க, அதுதான் பந்து!" என்று கத்தினார்கள். முப்பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். நூலகத்தார் எங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

உடை மாற்றும் அறையில் நாங்கள் தலையைத் தொங்கப் போட்டிருந்தோம். நோவிக்கி இரண்டு முழங்காலிலும் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஓர் ஆனந்தம்.

"பாத்தீங்களாடா? போன வருஷம் இதே ஆளுங்கள முப்பது புள்ளியில ஜெயிச்சோம். இன்னிக்கு முப்பத்தொம்பதுல தோல்வி. ஒரே ஒரு ஆளு இல்லை, அறுபத்தொம்பது புள்ளி மாறிடுச்சு! பேஸ்பால்ல நடக்குமா இது?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டார்: "அதுவும் நான் ரெண்டு புள்ளி எடுத்ததால. நான் இல்லேன்னா நாப்பத்தொண்ணு."

தோல்வியில் இப்படிப் பூரிக்கும் பிறவியும் உண்டா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஹின்டனின் உயரம் உங்களுக்குத் தெரியும், வயது தெரியும், பூங்காத் துறைக்கு எதிராக எத்தனை புள்ளி எடுத்தான் என்பதும் தெரியும். கோப்பை வாங்கிய அணியில் தள்ளி நின்றவர்கள் நான்கு பேர். இவ்வளவு நேரமாக உங்களோடு பேசிக்கொண்டிருப்பவன் அவர்களில் ஒருவன். நால்வரில் ஒருவர் பெயரையாவது நான் சொன்னேனா?

நீங்களாவது கேட்டீர்களா?