டோக்கன் வைத்துவிட்டுத் தூக்கவும்

எமதர்மனே நேரில் வந்து உயிரைக் கேட்டாலும், "டோக்கன வெச்சிட்டு எடுத்துட்டுப் போ சாமி" என்று சொல்லக்கூடிய மனிதர் இந்தப் பூவுலகில் ஒருவர்தான். அவர் ஓசூரில் எங்கள் தொழிற்சாலையில் இருந்தார். சொந்தப் பெயர் மாதப்பனோ முனியப்பனோ, சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. மேனேஜர் முதல் கேன்டீன் வரை எல்லோருக்கும் அவர் டூல் ரூம் அண்ணன்.

டூல் ரூமில் ஒரு சட்டம் உண்டு. ஸ்பேனரோ, டிரில் பிட்டோ, எது வேண்டுமானாலும் உங்கள் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் கொடுக்க வேண்டும். கருவி இருந்த கொக்கியில் அந்த டோக்கன் தொங்கும். திருப்பிக் கொடுத்தால் டோக்கன் திரும்பும். எல்லாத் தொழிற்சாலையிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் மற்ற இடங்களில் அது வழக்கம், அண்ணனிடம் அது வேதம்.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் அவசரமாக அளக்கும் டேப் கேட்டார். அவரிடம் ஏது டோக்கன்? அண்ணன் ஒரு கணமும் யோசிக்காமல் அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக் கொக்கியில் மாட்டிவிட்டார். அந்த மனிதர் டேப்பை நீட்டிப் பிடித்து, எண் எதுவும் தெரியாமல் சுவரைப் பார்த்து விழித்துக்கொண்டு நின்றார். எங்கள் மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது.

வீட்டிலும் அதே கதைதான். "எங்கண்ணன் ஒரு நாளு வண்டி கேட்டாரு. மோதிரத்தக் கழட்டி வெச்சிட்டு எடுத்துட்டுப் போன்னாரு இந்த மனுசன்" என்று அவர் மனைவி மாதம்மாக்கா என் மனைவி சுதாவிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரோடு நான் கப்பலில் போனேன் என்றால் நம்புவீர்களா? போனேன். அதுவும் சின்னக் குழந்தைகளோடு.

யோசனை முனிராஜுவுடையது. பாகலூர்க்காரன், என்னோடு குவாலிட்டியில் வேலை பார்ப்பவன், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பவன். பொங்கல் விடுமுறையில் கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏறி, லட்சத்தீவுப் பக்கம் ஒரு தீவைப் பார்த்துவிட்டு வரலாம் என்றான். அவனுக்கு லவன், குசன் என்று இரட்டைப் பிள்ளைகள், இரண்டு வயது. எங்கள் இனியாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. இந்த மூன்று பேரையும் வைத்துக்கொண்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதே சாதனை. அவன் கடலைத் தாண்டலாம் என்றான். கடல் என்றாலே பயம் என்று அவன் மனைவி மட்டும் வரவில்லை. மாதம்மாக்கா கடலையே பார்த்ததில்லை என்று தெரிந்ததும் சுதா அவர்களையும் சேர்த்துக்கொண்டாள். நாட்றாம்பாளையத்து மேட்டில் பிறந்தவர்களுக்கு ஏது கடல்?

கப்பல் ஏறியதும் முதல் அதிர்ச்சி. பெட்டிகளை இறக்கி நிமிர்வதற்குள் லவன் அடுத்த அறைக்காரரின் கட்டிலில் படுத்திருந்தான். குசன் சமையல்கட்டுக்குள் போய் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். இனியா யாரோ ஒரு பாட்டியின் கைப்பையைத் திறந்து மாத்திரைப் பட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். நான் முனிராஜுவிடம் இருக்கிறாள் என்று நினைத்தேன், முனிராஜு சுதாவிடம் என்று நினைத்தான், சுதா என்னை நம்பினாள். அதுதான் அவள் செய்த தவறு.

டூல் ரூம் அண்ணன் எங்களைவிட அதிர்ந்துபோயிருந்தார்.

"என்னா சார் சிஸ்டம் இது? மூணே மூணு ஐட்டம். எது யார் கைல இருக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. நீங்கல்லாம் குவாலிட்டி டிபார்ட்மென்ட்டு!"

சொல்லிவிட்டுத் தன் பெட்டியைத் திறந்தார். வேட்டி, துண்டு, முறுக்கு டப்பா. அதற்கடியில் ஒரு துணிப்பை நிறையப் பித்தளை டோக்கன்கள். தேன்நிலவுக்குக்கூட இந்த மனிதர் இதை எடுத்துப் போயிருப்பார் என்று சுதா என் காதில் சொன்னாள். அவர் தம் அறையில் குறுக்கே ஒரு கயிறு கட்டினார். அதில் மூன்று கொக்கிகள் மாட்டினார். ஆளுக்கு ஒரு டோக்கன் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் அறைதான் ஸ்டோர். குழந்தைகள் அங்கேதான் இருக்கும். வேண்டுமென்கிறவர் டோக்கனை மாட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம். தாமே தூக்கிப் போனாலும் தம் டோக்கனையும் மாட்டிவிடுவதாகச் சொன்னார், அப்படியே செய்தும் வந்தார்.

சுதாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நான் பெத்த பிள்ளைய நான் தூக்கதுக்கு டோக்கனா?"

"பெத்தது நீங்கதாம்மா. யாரு இல்லேன்னா? ஸ்டோருக்குள்ள வந்துட்டா அது ஸ்டோர் ஐட்டம்."

திருப்பிக் கொடுக்கும்போது பரிசோதனை வேறு. "போறப்ப செருப்பு ரெண்டு இருந்துச்சு, இப்ப ஒன்னுதான் இருக்குது. இன்னொன்னு எங்க?" என்று முனிராஜுவைத் திருப்பி அனுப்பினார். குசனின் முழங்காலில் ஒரு சிராய்ப்பைக் கண்டுபிடித்து, "இது யாரு பண்ண டேமேஜ்?" என்றார். முனிராஜு நடுங்கிப்போய், "அண்ணா, அது ஊர்லயே இருந்துச்சண்ணா, பழசு!" என்று சத்தியம் செய்தான். கப்பல் அதிகாரி ஒருவர் இனியாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, தூக்கி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அண்ணன் கையை நீட்டினார். அதிகாரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கினார். வெள்ளைத் தொப்பி கொக்கியில் ஆடியது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இனியா பிறந்த பிறகு நானும் சுதாவும் ஒரே நேரத்தில், சூடான சோற்றை, உட்கார்ந்து சாப்பிட்டது அந்தக் கப்பலில்தான். சாப்பிட்டு முடித்துச் சுதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊறுகாய் காரம் என்றாள். நான் நம்பவில்லை.

மறுநாள் மதியம் கடல் கொஞ்சம் புரண்டு படுத்தது. எங்களுக்கு வயிற்றைப் பிரட்டியது. ஆளாளுக்கு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு அறையில் கிடந்தோம். சற்றுத் தெளிந்ததும் இனியாவைப் பார்க்கலாம் என்று ஸ்டோருக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. இரட்டையர்கள் மாதம்மாக்காவின் இரண்டு பக்கமும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் வாந்தி எடுத்த களைப்பில் கண்ணயர்ந்திருந்தார். இனியாவின் கொக்கி வெறுமையாக இருந்தது. டோக்கன் இல்லை, எனவே குழந்தை உள்ளேதான் இருக்க வேண்டும்.

உள்ளே இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், குளியலறையில் பார்த்தேன், பெட்டிக்குப் பின்னால் பார்த்தேன். அக்காவை எழுப்பினேன்.

"இங்கதானப்பா படுத்திருந்துச்சு!"

"அண்ணன் எங்கக்கா?"

"காத்து வாங்கப் போயிருப்பாரு. ஆனா அவரு தூக்கிட்டுப் போயிருந்தா டோக்கன் இருக்கோணுமே?"

அவருடைய டோக்கன் தலையணைமேல் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் அவர்தான் தூக்கிப் போயிருப்பார் என்று நினைத்திருப்போம். அவர் டோக்கன் வைக்காமல் ஒரு திருகாணியைக்கூட எடுக்காத மனிதர். அதனால் அவர் எடுக்கவில்லை. திறந்த கதவு வழியாகக் குழந்தை தானே நடந்து போயிருக்கிறது. வெளியே இருப்பது கடல். தொழிற்சாலைக்காரர்களுக்கு மட்டுமே இப்படி ஒரு கணக்குத் தோன்றும். அந்த நிமிடத்தில் எங்களில் ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

சுதா வெறுங்காலோடு ஓடினாள். "இனியா! ஏ இனியா!" என்று அவள் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. முனிராஜு "அய்யோ தேவுடா, அய்யோ தேவுடா" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினான். அதிகாரியிடம் சொன்னோம். ஒலிபெருக்கியில் மலையாளத்திலும் இந்தியிலும் அறிவிப்பு வந்தது. நான் தளத்தின் ஓரத்தில் நின்று, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தேன். அளந்து அளந்தே பழகிய கண். இனியாவின் தலை அதில் நுழையும் என்று அது சொன்னது. கீழே தண்ணீர் கறுப்பாகப் போய்க்கொண்டே இருந்தது.

ஒரு மாலுமி மேல் தளத்திலிருந்து கையாட்டினார். ஓடினோம். அங்கே, தொங்கவிட்டிருந்த ஒரு படகின் நிழலில், சுருட்டிவைத்த வடத்தின்மேல் டூல் ரூம் அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் இனியா தூங்கிக்கொண்டிருந்தாள். எச்சில் ஒழுகிச் சட்டை நனைந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் வாயில் விரலை வைத்தார்.

"மெதுவா சார். இப்பதான் தூங்குச்சு."

சுதா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். இனியா விழித்து, கப்பல் அதிர அழுதாள். அப்படி ஓர் இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை. நான் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"டோக்கன் வைக்கலியேண்ணே!"

அவர் சிரித்துக்கொண்டே சட்டைப் பையைத் தொட்டார். வேட்டி மடிப்பைத் தடவினார். சிரிப்பு நின்றது. நாங்கள் அன்று பட்ட அதிர்ச்சி எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவர் முகத்தில் அப்போது வந்ததற்கு ஈடாகாது.

"வைக்கலீங்களா?" என்றார். "கண்ணு முழிச்சுப் பாத்துச்சு சார். ரெண்டு கையும் மேல தூக்குச்சு. தூக்குன்னு என்னப் பாத்துக் கையத் தூக்குச்சு. எனக்கு ஒன்னுமே தோணல சார். தூக்கிட்டன்."

சுதா குழந்தையோடு இறங்கிப் போனாள். சாயங்காலம் மாதம்மாக்கா எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"கோவிச்சுக்காத கண்ணு. எங்க ஊர்ல தொட்டில் போடற வூட்டுக்கு எங்களக் கூப்புட மாட்டாங்க. கூப்புட்டாலும் புள்ளைய எங்க கைல தர மாட்டாங்க. எங்களுக்கு இல்லாததால கண்ணு பட்டுடுமாம். இங்கதான் நீங்களா கொண்டாந்து கொண்டாந்து குடுத்தீங்க. ரெண்டு நாளா அவரு ராஜா மாதிரி இருந்தாரு."

அவர்களுக்குக் குழந்தை இல்லை என்பது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். இது எனக்குத் தெரியாது. அக்கா போன பிறகு நான் சுதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் அவள் பார்த்திருக்கக் கூடாது என்றே விரும்பினேன்.

அடுத்த நாள் காலை ஸ்டோரில் கயிறு இல்லை. டோக்கன் இல்லாமல் எடுத்தவனுக்கு மறுநாள் முழுக்கக் கருவி இஸ்யூ கிடையாது என்பது டூல் ரூம் சட்டம். எத்தனையோ ஃபிட்டர்களை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறார். "இன்னிக்கு எனக்கு இஸ்யூ இல்ல சார்" என்றார் என்னிடம். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

சின்னப் படகுகளில் எங்களைத் தீவில் இறக்கினார்கள். மாவு போல வெள்ளை மணல். முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர், அதில் கலர் கலராக மீன்கள். மாதம்மாக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலில் இறங்கி, சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார். லவன் மணலைத் தின்றான், குசன் முனிராஜுவுக்கு ஊட்டினான். அண்ணன் மட்டும் தள்ளி ஒரு தென்னை மரத்தடியில், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லவன் ஓடிவந்து வேட்டியைப் பிடித்து இழுத்தபோதும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

இனியா கையில் வாளியோடு அவரை நோக்கி நடந்தாள். மணலில் இரண்டு முறை விழுந்து எழுந்தாள். நேராகப் போய் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார், போலீஸ்காரரைக் கண்டவர் மாதிரி.

"நா எடுக்கலீங்கம்மா! அதுவா வந்து உக்காந்துக்கிச்சு! சார், பாத்தீங்கல்ல, நா எடுக்கல!"

சுதா எழுந்து போனாள். முந்தின நாள் மதியத்திலிருந்து அவரிடம் பேசாதவள். நான் பயந்துகொண்டே பின்னால் போனேன். அவள் குனிந்து, காற்றில் நின்ற அவருடைய கைகள் இரண்டையும் பிடித்து இறக்கி, குழந்தையைச் சுற்றி வைத்தாள்.

"நல்லாப் பிடிச்சுக்கோங்கண்ணே. கீழ விழுந்துரப் போறா."

அந்த மணலில் விழுந்தால் ஒன்றும் ஆகாது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். திரும்பப் படகு ஏறச் சொல்லிக் கூப்பிடும்வரை எங்களில் யாரும் போய்க் குழந்தையைக் கேட்கவில்லை.